சந்தனம் வைத்த லேப்டாப்

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே உங்கள் கையில் லேப்டாப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். பையோடு, சார்ஜரோடு, மேலே கம்பெனி ஸ்டிக்கரோடு. வாங்கிய கையோடு அது மெதுவாக ஓடுகிறது என்று புகார் எழுதுகிறீர்கள். எழுதுங்கள், தப்பில்லை. நான் என் லேப்டாப்பை நானே செய்துகொண்டவன், அதனால் புகார் எழுத எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அது ஆறு கிலோ எடை. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஐந்து உலைகளை அது ஒற்றை ஆளாக ஓட்டியது. பராமரிப்பு வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். அத்தனை வருடத்தில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும்படி செய்த சாமான் அதுதான். என்னைத் தலைகுனிய வைத்ததும் அதையொட்டி நடந்ததுதான். இரண்டையும் சொல்கிறேன், எது உங்களுக்கு உதவுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. மற்ற கம்பெனிகள் கடைந்து அனுப்பும் இரும்புச் சாமான்களைச் சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்தித் திருப்பி அனுப்புவது தொழில். முதல் உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கி இரும்பை விறைப்பாக்குவோம். இரண்டாவது உலையில் மிதமான சூட்டில் வைத்து அந்த விறைப்பை அளவாகத் தளர்த்துவோம். இந்த இரண்டாவது சூடு குறைந்துபோனால் தொலைந்தது. சாமான் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஓங்கி ஓர் அடி விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அந்தச் சாமான் பஸ் ஸ்டியரிங்குக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த உலைகளின் மூளை ஒரு பழைய வீட்டுக் கணினி. எண்பதுகளில் வெளிநாட்டில் பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடுவதற்காக விற்ற வகை. அதில் கீபோர்டுதான் கம்ப்யூட்டர், உள்ளேயே எல்லாம் அடக்கம். திரைக்கு வீட்டு டிவி, புரோகிராம் ஏற்றுவதற்கு டேப் ரெக்கார்டர். பாட்டு கேட்கிற அதே கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தும். கத்தி முடித்தால் புரோகிராம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு முன்னால் இருந்த இன்ஜினியர், துபாயிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் அதை வாங்கி, உலைகளின் சூட்டைப் படிக்கிற கார்டு ஒன்றைத் தன் கையாலேயே செய்து இணைத்திருந்தார். மகா கெட்டிக்காரர். ஒரு வரி எழுதிவைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். இது எப்படி வேலை செய்கிறது என்று போன் போட்டுக் கேட்டேன். ஆஃப் பண்ணிப் பார், எதெல்லாம் நிற்கிறதோ அதெல்லாம் அதனுடைய வேலை என்று சொல்லி வைத்துவிட்டார். கோபம் தலைக்கு ஏறியது. வார விடுமுறை நாள் ஒன்றில் அப்படியே செய்துபார்த்தேன், மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நீங்கள் அவரைப் போல இருக்காதீர்கள், எழுதி வையுங்கள்.

கணினி கண்ணாடி அறையில் இருந்தது. உலைகள் கொட்டகையின் மறுகோடியில். நடுவே தரையோடு ஓடிய வயர்கள் மேல் ஃபோர்க் லிஃப்ட் ஏறி இறங்கும். வாரத்துக்கு ஒரு வயர் நசுங்கும், நான் முட்டி போட்டு ஒட்டுப் போடுவேன். இரண்டாயிரத்தைத் தாண்டி நாலைந்து வருடம் ஆகியும் இதே கதை. புது பேனல் போடலாம் என்று வெளியாட்கள் வந்து விலை சொன்னார்கள். எங்கள் முதலாளி ஜமால் பாய், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர், அந்தத் தாளை ஒருமுறை படித்தார், மடித்தார், என்னைப் பார்த்தார். வயரை உலையிலிருந்து கணினிக்கு இழுப்பதற்குப் பதில் கணினியை உலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். கீழே போட்டால் யார் பொறுப்பு என்றார். நான்தான் என்றேன். அவ்வளவுதான் மீட்டிங்.

இருப்பது ஒரே ஒரு கணினி. மாற்று கிடையாது. அதைத் திறந்து ஒரு சில்லு புகைந்தால் பட்டறையே மூடிக் கிடக்கும். அதனால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் கேசட்டை நகல் எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பஜாரில் சினிமாப் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்து உயிரோடு இருந்தது. மூன்று நகல் கேட்டேன். வாங்கி வந்து போட்டால் ஒன்றுகூட ஏறவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டால் பெருமையாகச் சொல்கிறார், “உன் கேசட்ல ஒரே இரைச்சலா கீது சார். நான்தான் அதெல்லாம் எட்த்துட்டு, கொஞ்சம் எக்கோ போட்டு, க்ளீனா பதிஞ்சி குட்த்தேன்.” எங்கள் புரோகிராமே அந்த இரைச்சல்தான் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம் எந்தத் திருகையும் தொடாமல் பதிந்து கொடுத்தார், மூன்றும் ஏறின. நல்ல மனசோடு ஒருவர் செய்யும் கூடுதல் வேலை எவ்வளவு ஆபத்தானது என்று அன்றைக்கே எனக்குப் பாடம் கிடைத்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் வார விடுமுறை நாட்களாகப் பார்த்து வேலை நடந்தது. மெடிக்கல் ரெப்புகள் தூக்கிக்கொண்டு போகும் அலுமினியப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்தேன். கீபோர்டு டப்பாவிலிருந்து போர்டைப் பெயர்த்துப் பெட்டியின் அடிப்பாகத்தில் உட்காரவைத்தேன். மேல் மூடியில், கார்களில் படம் பார்க்க மாட்டும் ஏழு அங்குலத் திரை. டிவிக்குப் போகிற சிக்னலை அது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மின்சாரத்துக்கு எமர்ஜென்சி விளக்கு பாட்டரி இரண்டு. கேசட் போடுவது தொல்லை என்று, சென்னை ரிச்சி தெருவில் புரோகிராமை ஒரு மெமரி சில்லில் எழுதி வாங்கிவந்து சொருகினேன். சுவிட்சைப் போட்டதும் எழுந்துவிடும். கீபோர்டில் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்த இடத்தில் சட்டைப் பொத்தானை ஒட்டினேன். மூடியைத் திறந்து மூடும்போது திரைக்குப் போகும் வயர் மடங்கி மடங்கி அறுந்தது. மூன்று தடவை அறுந்த பிறகு, பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் வயரைப் போட்டேன். அதற்குப் பிறகு அது அறுந்ததே இல்லை. இப்போது சொல்லும்போதும் எனக்கு உச்சி குளிர்கிறது.

உலையின் சூட்டை அளக்கும் சென்சார் வயரை மாட்டுவதற்குப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, பித்தளைப் பின்களை வரிசையாக வைத்தேன். அவசரத்துக்குச் சட்டென்று மாட்டிக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று மூடி போடாமல் விட்டேன். இதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். சென்சாரிலிருந்து வருவது மிகமிகச் சின்ன மின்சாரம். அதற்குப் பக்கத்துப் பின்னில் ஐந்து வோல்ட் நின்றுகொண்டிருந்தது.

முதல் நாள் அதைத் தூக்கிக்கொண்டு உலை உலையாக நடந்தபோது, கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பா நடப்பதைப் போல நடந்தேன் என்று பிறகு எல்லோரும் கிண்டல் செய்தார்கள். ஆபரேட்டர்கள் அதற்குப் பொட்டி என்று பெயர் வைத்தார்கள். ‘பொட்டி வந்துச்சா’ என்று கேட்டுத்தான் உலையைத் தொடுவார்கள். ஆறு மாதம் ஒரு பிசகு இல்லை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த பெரிய இன்ஜினியர், நிறுவனம் கொடுத்த தன் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு என்னுடையதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. பொட்டி காட்டினால் அது வேதவாக்கு, யாரும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

கேள்வி கேட்க வேண்டிய வேலையில் இருந்தவள் எஸ்தர். தர ஆய்வாளர். பொன்னேரிப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அந்த வீட்டில் பேனா பிடித்து வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். இரண்டு வருடமாகப் பயிற்சியில் இருந்தாள். அடுத்த மாதம் முதல் தேதி நிரந்தர ஆர்டர் வரும் என்று பாய் சொல்லியிருந்தார். அது வந்தால் தங்கையை நர்சிங்கில் சேர்ப்பதாக வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். உலையிலிருந்து வெளியே வரும் சாமானில் மாதிரி எடுத்து, உறுதியைச் சோதித்து, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது.

அந்த வருடம் ஆயுத பூஜை நோன்பு மாதத்தில் வந்தது. பூஜை அன்று பட்டறை கழுவி, மாவிலை கட்டி, எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். பாய் நோன்பிலும் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் பொரியும் கடலையும் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் விஜயதசமி. அன்று விடுமுறை என்றாலும் காலையில் ஒரு சுற்று வேலை ஓட்டி, முதல் லோடை நல்ல நேரத்தில் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அது பாய் போட்ட சட்டமில்லை, தொழிலாளிகள் வைத்த வழக்கம். பாயும் அதை ஒருநாளும் மாற்றியதில்லை. உங்களுக்கு நல்ல நேரம் என்றால் எனக்கும்தான் என்பார்.

அந்த விஜயதசமிக்கு வந்தது பஸ் ஸ்டியரிங்கில் போடும் பின்கள். ஆந்திராவில் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டியவை. விறைப்பாக்கும் வேலை அதிகாலையிலேயே வேறு உலையில் தனி மீட்டரில் முடிந்திருந்தது. மூன்று கூடைகளில் வந்த பின்களை ஒன்றன் பின் ஒன்றாக இரண்டாவது உலையில் வைத்து விறைப்பைத் தளர்த்துவது என் பொட்டியின் பங்கு. தொடங்குவதற்கு முன், முந்தின நாள் வைத்த பொட்டு காய்ந்திருக்கிறதே என்று புதிதாகச் சந்தனம் குழைத்தேன். நன்றாகத் தண்ணீர் விட்டு, தாராளமாக. மூடியில் ஒரு பொட்டு. சென்சார் வயர் சேருகிற ஜன்னல்தான் அதற்கு வாய் மாதிரி என்று தோன்றியது. அதன் விளிம்பிலும் ஒரு விரல் சந்தனம் இழுத்து, நடுவே குங்குமமும் வைத்தேன். மற்ற மெஷின்களுக்கு ஆபரேட்டர்கள்தான் வைத்தார்கள். என்னுடையதற்கு நானேதான் வைப்பேன் என்று யாரையும் கிட்டே விடவில்லை.

மூன்றாவது கூடை வெளியே வந்தபோது பதினொன்றரை. பன்னிரண்டுக்கு ராகு காலம். லாரி எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறது. முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்தாகிவிட்டது. எஸ்தர் முதல் கூடையைத் தேடிப் போனாள். அது லாரிக்குப் பக்கத்தில் கட்டி முடிந்து நின்றது. பிரித்தாக வேண்டும் என்றாள். மூன்று கூடையிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. எனக்குச் சுருக்கென்றது. என் பொட்டியையே சந்தேகப்படுகிறாளா?

“ஒரே உலை, ஒரே பொட்டி. ஒண்ணுல என்னா கீதோ அதான் மூணுலயும் கீது. கையில இருக்கற கூடைலேந்து எடும்மா, நேரம் போவுது” என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். அவளைவிட இருபது வருடம் மூத்தவன், பட்டறையில் பாய்க்கு அடுத்த வார்த்தை என்னுடையது. மூன்றாவது கூடையிலிருந்து எடுத்துச் சோதித்தாள். அச்சு மாதிரி சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஒன்றரை மணி வாக்கில் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் பொட்டியைத் துடைத்தேன். ஜன்னல் விளிம்பில் வைத்த சந்தனம் வழிந்து பித்தளைப் பின்கள் மேல் இறங்கி, உலைச் சூட்டில் பொருக்காகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஐந்து வோல்ட் பின்னையும் சென்சார் பின்னையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது. காய்ந்த சந்தனத்தில் மின்சாரம் போகாது. ஈரமாக இருந்தபோது? கை தானாக நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து, மீதியிருந்த பொருக்கின் மேல் வைத்தேன். திரையில் சூடு ஐம்பது டிகிரி எகிறியது. விரலை எடுத்து ஊதி ஊதிக் காயவைத்தேன், இறங்கியது. அதாவது காலையில் சந்தனம் காயும் வரை பொட்டி இல்லாத சூட்டை இருப்பதாகக் காட்டியிருக்கிறது. முதல் கூடை குறைந்த சூட்டில் வெந்திருக்கிறது. இரண்டாவது பாதிக்குப் பாதி. மூன்றாவதற்குள் சந்தனம் காய்ந்துவிட்டது, அதனால் அது மட்டும் சரி. சோதித்ததும் அதைத்தான்.

சுற்றிலும் யாரும் இல்லை. சான்றிதழில் பாஸ் என்று இருக்கிறது. பொருக்கைத் துடைத்துவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் கண் முன்னால் வந்ததால் அது நிற்கவில்லை. பொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு பாயின் அறைக்கு நடந்தேன்.

அறையில் எஸ்தரும் இருந்தாள், கையெழுத்தான தாள்களை ஒப்படைக்க வந்திருந்தாள். நான் விரலை நனைத்துச் செய்துகாட்டினேன். பாய் இரண்டு தரம் செய்யச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் சான்றிதழை எடுத்து, டெஸ்டில் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. விஜயதசமி அன்று போன முதல் லோடைத் திருப்பினால் வருடம் முழுக்க எல்லோரும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். லாரியும் ஆந்திராவைத் தொட்டிருக்கும். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது எஸ்தர் பேசினாள்.

“மூணாவது கூடைலேந்து மட்டும்தான் எட்த்தேன் சார். மொத ரெண்டையும் பாக்கல.”

யார் சொல்லி அப்படிச் செய்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான் பொட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய் டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்னுடைய பைக் சாவியைத்தான் அவர் பார்த்தார், நான் அதற்குள் வாசலில் இருந்தேன். ஆந்திர எல்லையிலுள்ள எளாவூர் சோதனைச் சாவடி எங்களுக்கு அரை மணிக்கும் குறைவான தூரம். அதைத் தாண்டினால் லாரியைப் பிடிக்க முடியாது. அந்தச் சாவடியை நாங்கள் திட்டாத நாள் கிடையாது, லாரியை மணிக்கணக்கில் நிறுத்திவைத்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

ஆயுத பூஜை முடிந்து எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததில் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது. ஒவ்வொரு நம்பராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எங்கள் லாரி கேட்டுக்கு ஆறு வண்டி பின்னால் நின்றது. டிரைவர் போனைச் சீட்டில் போட்டுவிட்டுக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்ப வேண்டும் என்றதும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இன்னா நைனா, ரெண்டு அவரா குந்திக்கினு கீறேன். இப்பதான் என் டர்ன் வருது, திருப்புன்றியே” என்றார்.

உள்ளே இருப்பது உடையும் சாமான், பஸ்ஸில் மாட்டப் போகிறார்கள் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஏறினார். முன்னும் பின்னும் வண்டிகளை நகர்த்தச் சொல்லி, எல்லா மொழியிலும் திட்டு வாங்கிக்கொண்டு, அந்த லாரியை வரிசையிலிருந்து பிரித்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டிரைவர்கள் நம்மைவிட வேகமாக முடிவெடுப்பார்கள், அவர்களும் சாலையில்தானே இருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஷிப்டில் எல்லோருக்கும் முன்னால் முதல் கூடையைப் பிரித்தோம். பின் ஒன்றை எடுத்து வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் டங்கென்று இரண்டாகிப் பறந்துபோய்ச் சுவரில் பட்டது. மூன்றாவது கூடைப் பின் வளைந்ததே தவிர உடையவில்லை. முதல் இரண்டு கூடைகளையும் திரும்பச் சூடேற்றிச் சரி செய்ய முடிந்தது, அடித்துப் பார்த்தவை தவிர எந்தப் பின்னும் வீணாகவில்லை. பொட்டி ஜன்னலுக்கு அன்றைக்கே ரப்பர் மூடி போட்டேன். இனி எந்த மின் சாமானுக்கும் வெளிமூடியில் மட்டும்தான் பொட்டு என்று எழுதி ஒட்டினேன். அதன் பிறகு பொட்டி ஏழு வருடம் ஓடியது. இதைக் கர்வமாகவே சொல்கிறேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்த மேடையை விட்டு ஜம்பமாக இறங்கிப் போயிருப்பேன். பாய் ஆபரேட்டர்கள் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, தப்பை மறைக்காமல் தானே வந்து சொன்ன மனுஷன், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கை தட்டினார்கள். எஸ்தரும் தட்டினாள். எனக்கு அந்தக் கைதட்டல் இனித்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அப்புறம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் எஸ்தரின் நிரந்தர ஆர்டர் டைப் ஆகித் தயாராக இருந்தது. பாய் அதை ஓரமாகத் தள்ளி வேறொரு தாளை எடுத்தார். கோபமாகப் பேசவில்லை, அவர் கோபமாகப் பேசிக் கேட்டதில்லை. மூன்று கூடைக்குப் பதில் ஒரு கூடையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது சின்ன விஷயமில்லை, இன்னும் ஒரு வருடம் பயிற்சியில் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். எஸ்தர் சரி சார் என்றாள். தாளை வாங்கக் கை நீட்டினாள்.

என்னைக் கவனியுங்கள். முந்தின நாள் பொட்டியைத் தூக்கிக்கொண்டு இதே அறைக்கு நெஞ்சை நிமிர்த்தி வந்தவன் நான். சந்தனம் வழிந்தது, மின்சாரம் கசிந்தது என்று சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாகவே இல்லை. அது மெஷினின் தப்பு. சொன்னால் என் கெட்டிக்காரத்தனம் கூடத்தான் செய்யும், கூடவும் செய்தது. அவளிடம் ‘கையில இருக்கற கூடைலேந்து எடும்மா’ என்று சொன்னது என் வாய். அதற்கு விரலை நனைத்துச் செய்துகாட்ட வழி இல்லை. அதைச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்கு முன் வாங்கிய கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு முழு நாளாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். லாரிக்குப் பின்னால் ஓடினேன், பின்னை உடைத்தேன், மூடி போட்டேன், எல்லாம் செய்தேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. வேலையில் மும்முரமாக இருந்தால் நேர்மையாக இருப்பது போலவே தோன்றும், அதுதான் கொடுமை. நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள்.

“பாய், அந்தப் பொண்ணு மொத கூடையைப் பிரிக்கணும்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னு தடுத்தேன். ராகு காலம்னு அவசரப்படுத்தி, ஒண்ணு போதும்னு சொன்னதே நான்தான்” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. பாய் என்னையே பார்த்தார். என் தோளில் போட்ட கையை அவர் மனசுக்குள் எடுத்துவிட்டதை நான் முகத்தில் பார்த்தேன். அவளுடைய விரலுக்குள் இருந்த தாளை மெதுவாகத் திருப்பி வாங்கி, நாலாகக் கிழித்தார். ஓரமாகக் கிடந்த நிரந்தர ஆர்டரை நடுவே இழுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

“நேத்தே இதை நீ சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?”

எஸ்தர் ஆர்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“அவரா சொல்வாரான்னு பாத்துக்கினு இருந்தேன் சார்” என்றாள்.